மீண்டும் முயல்வது கடமைதானா?



போட்ட முதல் முழுகிப்போயிற்று. அதை மீட்பதற்கென்று இன்னும் ஒரு முதல் போடலாமா, அல்லது கடையைச் சாத்திவிட்டு மிச்சமிருப்பதைக் காத்துக்கொள்ளலாமா என்னும் கேள்வி வியாபாரிகளாகிய நமக்குப் புதிதன்று. அரிசி மண்டியிலும் ஜவுளிக் கடையிலும் இதற்கு விடை சொல்லப் பழுத்த பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இதே கேள்வி ஒரு பிள்ளையின் நோய்ப்படுக்கையருகே வந்து நின்றுவிட்டால், விடை சொல்ல எவருக்கும் நா எழுவதில்லை. சொல்லத் துணிகிறவர்களோ பெரும்பாலும் பிள்ளையைப் பெற்றவர்களாக இருப்பதில்லை.

இரத்தப் புற்றுநோயைக் குறித்தே இதை எழுதுகிறேன். அதிலும் எலும்பு மஜ்ஜை மாற்றிய பிறகும் திரும்பி வந்துவிடுகிற நோயைக் குறித்து. மார்க்கம் இதில் நம்மிடம் கேட்பது என்ன என்று யோசிக்குமுன், நோயும் சிகிச்சையும் இன்னதென்று தெரிந்துகொள்வது அவசியம். சரக்கைப் பார்க்காமல் விலை பேசக் கூடாதல்லவா?

நம் உடலில் இரத்தம் ஊறுமிடம் எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜை. அங்கே கெட்டுப்போன வெள்ளணுக்கள் பெருகி நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுவதே லுக்கேமியா எனப்படுவது. கடுமையான மருந்துகளைக் கொண்டு அவற்றை அழிப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால், களை மண்டிய வயலை எரித்துவிட்டு வேறு வயலின் நாற்றைக் கொண்டுவந்து நடுவதுபோல, நோயாளியின் மஜ்ஜையை அறவே அழித்து, பொருத்தமான இன்னொருவரின் மூல அணுக்களைச் செலுத்துவார்கள். இந்த வைத்தியத்துக்கு வழி திறந்த அமெரிக்க டாக்டர் டொனால் தாமஸ் 1957-ல் தம் முதல் முயற்சிகளை வெளியிட்டார். அந்நோயாளிகள் எவரும் நெடுநாள் பிழைக்கவில்லை. 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடையே சென்றவை முப்பத்துமூன்று ஆண்டுகள்.

இதிலொரு விந்தையுண்டு. நோயை ஒழிப்பது முன்னே கொடுத்த கடும் மருந்துதான் என்றே வைத்தியர்கள் முதலில் எண்ணியிருந்தார்கள். 1956-ல் இங்கிலாந்தில் எலிகளிடத்திலும், 1979-ல் மனிதர்களிடத்திலும் கவனித்துப் பார்த்தபோதுதான், கொடையாளியிடமிருந்து வந்த வெள்ளணுக்களே எஞ்சிய நோயைத் தேடித் தேடி வேட்டையாடுகின்றன என்பது தெரியவந்தது. ஆனால் அதே வெள்ளணுக்கள், தாம் வந்து குடியேறிய உடம்பையும் அந்நியமென்று கருதி அதன் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குவதுண்டு. விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரனையே அடிப்பது போன்றது இது. எந்த நோயாளிகளுக்கு இந்தத் தாக்குதல் நேர்ந்ததோ அவர்களிடம் புற்றுநோய் திரும்பி வருவது குறைவாயிருந்தது! காக்கும் கையும் அடிக்கும் கையும் ஒரே கையாக அமைந்துவிட்டது. இதைப் படித்த நாளில் நான் வெகுநேரம் கணக்குப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் நோய் திரும்பினால்?

1990-ல் ஜெர்மனியின் மூனிச் நகரில் கோல்ப் என்ற வைத்தியரும் அவர் கூட்டத்தாரும், மஜ்ஜை மாற்றிய பின் நாட்பட்டவகை லுக்கேமியா திரும்பிவந்த மூன்று நோயாளிகளுக்கு, முன்பு மஜ்ஜை கொடுத்தவர்களிடமிருந்தே மறுபடியும் வெள்ளணுக்களை வாங்கிச் செலுத்தினார்கள். நோய் மறைந்தது. அந்தவகை நோய்க்கு இப்பொழுது மாத்திரைகளே வந்துவிட்டன. ஆனால் இந்த வழி இன்றும் கையாளப்படுகிறது. கொடையாளி ஓர் இயந்திரத்தின் அருகே சில மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். வேகமாகப் பரவும் வகைகளில்தான் இது சிலருக்கு மட்டுமே பலிக்கிறது. மேலே சொன்ன வீட்டுக்காரனை அடிக்கும் தொல்லையும் கூடவே வருகிறது.

பிறகு வந்தது கார்-டி என்னும் முறை. நோயாளியின் இரத்தத்திலிருந்து டி அணுக்கள் என்னும் காவல் அணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் மரபணுவில் ஒரு கட்டளையைச் சேர்த்து, புற்றணுவின் மேல் உள்ள ஓர் அடையாளத்தைக் கண்டவுடன் அதைக் கொல்லும்படி பழக்கி, பெருக்கி, மறுபடி உடம்புக்குள் விடுகிறார்கள். இதற்குப் பயன்படும் அமைப்புக்களில் முக்கியமான ஒன்றை 2004-ல் அமெரிக்காவில் உருவாக்கிய டாரியோ கம்பானா என்பவர் பின்னர் நம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துக்கே வந்து சேர்ந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

2012-ல் பிலடெல்பியா நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதைக் கொடுத்தார்கள். இரண்டு முறை நோய் திரும்பியவள் அவள். உள்ளே போன அணுக்கள் போர் தொடுத்த வேகத்தில் காய்ச்சல் ஏறி, உயிர் ஊசலாடியது. அந்த ஆராய்ச்சியின் தலைவரான கார்ல் ஜூனின் மகளுக்குச் சிறுவயதுக் கீல்வாதம் இருந்தது. அதனால் கீல்வாதத்துக்கான டோசிலிசுமாப் என்னும் மருந்தைப் பற்றி அவர் அறிந்திருந்தார். அந்த மருந்தைக் கொடுத்ததும் சிறுமியின் காய்ச்சல் இறங்கியது. அவள் 2022-ல் நோயில்லாமல் பத்தாண்டை நிறைவு செய்தாள். ஒரு தகப்பனின் வீட்டுத் துன்பம் இன்னொரு தகப்பனின் பிள்ளைக்கு மருந்தாக வந்ததைக் கத்ரு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

2015-ல் லண்டனில் ஒரு வயதுக் குழந்தைக்கு மஜ்ஜை மாற்றிய சில வாரங்களுக்குள் நோய் திரும்பிவிட்டது. அதன் உடம்பில் எடுப்பதற்குப் போதிய நல்ல அணுக்களே இல்லை. ஆகவே வேறொருவரின் டி அணுக்களை மரபணு திருத்திக் கொடுத்தார்கள். நோய் அடங்கியது, அதன்பின் இரண்டாம் முறை மஜ்ஜை மாற்றினார்கள். 2022-ல் அதே நகரில் மஜ்ஜை மாற்றியும் பலிக்காத பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு இன்னும் நுட்பமான வகையில் திருத்திய அணுக்களைக் கொடுத்து நோயை அடக்கினார்கள்.

பலித்த கதைகள் மட்டுமே பத்திரிகைகளில் வரும். எனவே கணக்கையும் பார்க்க வேண்டும். 2018-ல் வெளியான பதினொரு நாடுகளின் ஆராய்ச்சியொன்றில், நோய் திரும்பிய அல்லது மருந்துக்கு அடங்காத 75 சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கார்-டி செலுத்தினார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்கள். மூன்று மாதத்துக்குள் 100-க்கு 81 பேருக்கு நோய் மறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் நோய் திரும்பாமலும் வேறு விபரீதம் நேராமலும் இருந்தவர்கள் 100-க்கு 50 என்று கணக்கிட்டார்கள். உயிருடன் இருந்தவர்கள் 100-க்கு 76. அணு எடுத்துத் தயாராவதற்குள்ளேயே காலமானவர்களும் உண்டு. இந்த 75-ல் அவர்கள் சேரவில்லை. இனி விலை. 2017 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தபோது நோவார்ட்டிஸ் கம்பெனி வைத்த விலை 475,000 அமெரிக்க டாலர். இது மருந்துக்கு மட்டும். ஆஸ்பத்திரிச் செலவு தனி. சிங்கப்பூரில் 2021-ல் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கிய மருந்துக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. அதன் விலை அமெரிக்க விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்கிறார்கள்.

இனிக் கேள்விக்கு வருவோம். இப்படி ஒரு சிகிச்சை இருக்கிறதென்று தெரிந்த பிறகு, அதைத் தேடிப் போவது பெற்றோர் மீது கடமையா? போகாவிட்டால் பாவமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தவக்குலைப் பற்றிப் பேசுமிடத்தில் காரண சாதனங்களை மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். பசிக்கு ரொட்டியும் தாகத்துக்குத் தண்ணீரும் போலப் பலன் நிச்சயமானவை முதல் தரம். அவற்றை உயிர் போகும் நிலையிலும் விலக்குவது தவக்குல் ஆகாது, அது ஹராம். சூடு போடுவது போலப் பலன் வெறும் எண்ணத்தில் மட்டுமே உள்ளவை மூன்றாம் தரம். வைத்தியர்கள் கொடுக்கும் மருந்துகளைப் போலப் பலன் பெரும்பாலும் எதிர்பார்க்கத்தக்கவை நடுத்தரம். இந்த நடுத்தரத்தைக் கையாளுவது தவக்குலுக்கு முரணன்று, விடுவதும் ஹராமன்று. நம் ஷாபிஈ மத்ஹபின் இமாம்களும் மருந்து தேடுவது நல்லது, விரும்பத்தக்கது என்ற அளவில்தான் பொதுவாகச் சொல்லிப்போனார்கள்.

இந்தத் தரங்கள் பூட்டிவைத்த பெட்டிகள் அல்ல என்பது என் எண்ணம். குடல்வால் அறுவை ஒரு காலத்தில் உயிரைப் பணயம் வைக்கும் காரியம்; இன்று அதை மறுப்பவன் ரொட்டியை மறுப்பவனுக்குச் சமம். மஜ்ஜை மாற்றுவதும் 1957-ல் மூன்றாம் தரத்தில் நின்றிருக்கலாம். இப்பொழுது நாம் பேசுகிற சிகிச்சை, சிறுவர்களுக்கு வரும் ஒருவகை லுக்கேமியாவில் நடுத்தரத்தின் மேற்படியில் நிற்கிறது. வேறு வகைகளில் இன்னும் கீழ்ப்படியில்தான். எனவே நோயின் பெயரை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுகிறவர் கிதாபையும் அறியார், வைத்தியத்தையும் அறியார்.

வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து துஆ கேட்ட வரலாற்றை நாம் அனைவரும் பயானில் கேட்டிருக்கிறோம். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம், வேண்டுமானால் சுகத்துக்குத் துஆச் செய்கிறேன் என்று இரண்டு வழிகளை அப்பெண்மணியின் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தெரிந்துகொண்டார். இங்கே நான் கவனிப்பது அவர் எதைத் தெரிந்தெடுத்தார் என்பதைவிட, தெரிந்தெடுக்கும் உரிமை அவர் கையில் கொடுக்கப்பட்டதை. மற்றோரிடத்தில் நாட்டுப்புற அரபிகள் மருந்து செய்யலாமா என்று கேட்டபோது செய்யும்படி ஏவியவர்களும் அதே நாயகம் (ஸல்) அவர்களே. ஆதலால், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போராடிவிட்டு, இனிப் பிள்ளையை ஊசியில்லாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று முடிவு செய்த தாயைப் பார்த்து, “நீயும் ஒரு தாயா?” என்று கேட்க எவருக்கும் அதிகாரமில்லை. வீட்டை விற்றுக் கடைசிவரை போராடுகிற தகப்பனைப் பார்த்து, “அல்லாஹ்வின் மேல் நம்பிக்கை இல்லையா?” என்று கேட்கவும் அதிகாரமில்லை. இவ்விரண்டு கேள்விகளையும் மையித்து வீட்டுத் திண்ணையிலும் கலியாண வீட்டுப் பந்தலிலும் நான் கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் ஐவேளைத் தொழுகிறவர்களே.

ஓர் உயிரை வாழவைப்பது மனித குலம் முழுவதையும் வாழவைப்பது போன்றது என்று குர்ஆன் சொல்லும்போது பணத்தைப் பேசுவது இழிவல்லவா என்று சிலர் கேட்பார்கள். தம் சொந்தப் பணத்தைக் கொடுக்கிறவரைப் பொறுத்தவரை நான் மறுத்துப் பேசமாட்டேன். ஆனால் சங்கத்தின் நிதி சொந்தப் பணமன்று, அமானத்து. அந்த நிதியை நம்பி இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் சிறுநீரக நோயாளிகளும், மாத அரிசிக்கு வரும் விதவைகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய உயிரும் அந்த ஆயத்துக்குள் அடக்கம்தானே? தன் முதலைத் துணிந்து போடுகிறவனைத் தைரியசாலி என்போம். கூட்டாளியின் முதலை அவனைக் கேளாமல் போடுகிறவனுக்கு வேறு பெயர் உண்டு. ஆகவே இத்தகைய பெரிய சிகிச்சைக்குப் பொது நிதியைத் தொடாமல், அதற்கென்றே தனியாகச் சொல்லி வசூலிப்பதுதான் முறை. இது கல்நெஞ்சு என்று தோன்றினால் தோன்றட்டும்.

அப்படி வசூலிக்கும்போதும் ஒன்று கவனிக்க வேண்டும். ஜும்ஆவுக்குப் பின் விநியோகிக்கப்படும் வேண்டுகோள்களைப் பாருங்கள். “இந்தச் சிகிச்சை செய்தால் பிள்ளை பூரண குணமடையும், இத்தனை லட்சம் வெள்ளி தேவை” என்று அச்சிட்டிருக்கும். எந்த வைத்தியர் அப்படிச் சொன்னார்? தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரமிருப்பதைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கடைக்காரரைக் கேட்ட வரலாறு நம் தொழிலுக்கே உரிய பாடம். சரக்கின் குறையைச் சொல்லாமல் விற்பது மோசடியென்றால், சிகிச்சையின் குறையைச் சொல்லாமல் சதக்காக் கேட்பது எந்த வகை? ஓராண்டில் பாதிப் பேருக்கு நோய் திரும்பலாம், முதல் வாரங்களில் கடும் காய்ச்சலும் மூளைத் தடுமாற்றமும் வரலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தால் அதையும் அச்சிடட்டும். பணம் சேராது என்பார்கள். கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் பூரண குணம் என்று நம்பிக் கொடுத்தவர், நான்கு மாதம் கழித்து ஜனாஸா அறிவிப்பைக் கேட்டபின், அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கக் கையைப் பைக்குள் விடமாட்டார். பெற்றோருக்கும் அதே நேர்மை உரியது. பாதி நம்பிக்கையை முழு நம்பிக்கையென்று அவர்கள் தலையில் கட்டுகிறவர்கள், அவர்கள் பிள்ளையோடு கடைசியாகப் பேசவேண்டிய பேச்சையும் பேசவிடாமல் செய்துவிடுகிறார்கள்.

கம்பெனிக்காரர்களும் இதில் ஒரு வழி கண்டார்கள். 2017-ல் நோவார்ட்டிஸ், ஒரு மாதத்துக்குள் மருந்து பலிக்காத சிறுவர்களுக்கு விலை வாங்குவதில்லை என்றோர் ஏற்பாட்டை அறிவித்தது. பலித்தால் கூலி என்பது நம் பிக்ஹில் ஜுஆலா எனப்படும். தேள் கடித்த தலைவனுக்கு ஓதிச் சுகமானதற்கு ஆட்டு மந்தையைப் பெற்ற சஹாபாக்களின் சம்பவத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் ஒரு மாதம் என்பது கம்பெனிக்கு வசதியான தவணை. நோய் எட்டாம் மாதத்தில் திரும்பினால் விலை திரும்புவதில்லை.

இன்னொரு கேள்வி இதைவிட நுட்பமானது. மஜ்ஜை கொடுத்த அண்ணனிடம் போய், நோய் திரும்பிவிட்டது, மறுபடியும் வெள்ளணு கொடு என்று கேட்கலாமா? கேட்கலாம். அவன் படும் சிரமம் சிறிது. கிடைக்கக்கூடிய பலன் பெரிது. ஆனால் அவன் கொடுப்பது ஹதியா; கடனல்ல. முன்பு ஒருமுறை கொடுத்ததனால் அவன் எந்நாளும் கொடுக்கக் கடமைப்பட்டவன் ஆகிவிடவில்லை. உறவினர்கள் சுற்றி நின்றுகொண்டு, “உன் தம்பிதானே?” என்று கேட்டு வாங்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? கடைக்குள் நான்கு பேரைக் கூட்டிவந்து மிரட்டி வாங்கிய விற்பனையை மார்க்கம் ஒப்புவதில்லை. நல்ல ஆஸ்பத்திரிகளில் நோயாளியைப் பார்க்கும் வைத்தியர் அல்லாத வேறொரு வைத்தியர் கொடையாளியைத் தனியே உட்காரவைத்து விசாரிக்கும் வழக்கம் இருக்கிறது. மிகவும் சரியான வழக்கம்.

கொடுத்த பின்னும் அவன் பாரம் தீர்வதில்லை. தன் அணுக்கள் தம்பியின் குடலையும் தோலையும் தாக்குவதைப் பார்த்து, “என் இரத்தமே அவனைக் கொல்லுகிறதே” என்று அவன் உள்ளுக்குள் உருகக் கூடும். அவனுக்கு வீட்டார் சொல்லவேண்டியது இது: கொடுத்தது நீ, அதன் பின் நடப்பது உன் கையில் இல்லை. மஜ்ஜை மாற்றிய நோயாளியின் உடம்பில் ஊறும் இரத்தம் கொடையாளியின் வித்திலிருந்து வந்ததே. இரத்த வகைகூட அவனுடையதாக மாறிவிடும். அப்படிப்பட்ட நோயாளியிடமிருந்து கார்-டிக்காக டி அணுக்களை எடுக்கும்போது, எடுக்கப்படுவது பெரும்பாலும் அந்த அண்ணனின் அணுக்களே. அவனிடம் இரண்டாம் முறை கேட்காமலே அவன் இரண்டாம் முறை கொடுத்தவனாகிறான்! இதைக் கேட்டவுடன், அந்நியப் பெண் ஒருத்தியின் மஜ்ஜையைப் பெற்றவனுக்கு அவள் பால்குடி உறவு போல மஹ்ரம் ஆவாளா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஆகமாட்டாள். அந்த உறவு சிறுவயதில் பாலருந்துவதால் வருவது. இரத்தத்தால் வருவதன்று என்றே ஆலிம்கள் தீர்த்திருக்கிறார்கள்.

அண்ணன் இல்லாதவர்களும், இருந்தும் பொருந்தாதவர்களும் என் நினைவில் நிற்கிறார்கள். உடன்பிறந்த ஒருவர் முழுதும் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புத்தான். பாதி பொருந்தினாலும் செய்யும் முறைகள் இப்போது வந்துள்ளன. என்றாலும் முழுப் பொருத்தத்தை அந்நியரிடம் தேடும்போது, ஒரே பூர்விகத்தைச் சேர்ந்தவர்களிடத்தில்தான் அது கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆகவே காயல்பட்டினத்திலும் கடையநல்லூரிலும் நாகூரிலும் வேர் விட்ட குடும்பத்துப் பிள்ளைக்குச் சீனரும் ஐரோப்பியரும் லட்சக்கணக்கில் பதிந்திருக்கும் பட்டியலால் பெரிய பயன் இல்லை. சிங்கப்பூரில் எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் திட்டம் 1993-லும், மலேசியாவில் கோலாலம்பூரின் பதிவேடு 2000-லும், சென்னையில் தாத்ரி என்னும் பதிவேடு 2009-லும் தொடங்கின. மார்க்கத் தடை உண்டோ என்ற ஐயத்துக்கும் இடமில்லை. இறந்தவரின் கண்ணையும் இருதயத்தையும் பொருத்துவதையே மலேசிய பத்வாக் குழு 1970-ல் அனுமதித்தது. சிங்கப்பூரில் 1973-ல் கூடாது என்றிருந்ததை முயிஸின் ஆலிம்களே 1986-ல் மறுபரிசீலனை செய்து சிறுநீரகக் கொடைக்கு வழிவிட்டார்கள். மஜ்ஜையோ உயிருள்ளவர் கொடுப்பது. கொடுத்த பின் தானாகவே மறுபடி ஊறிவிடுவது.

பதிவதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிக் கொடுத்தால் போதும். சிங்கப்பூரில் 17 முதல் 49 வயதுவரை சேர்த்துக்கொள்கிறார்கள். அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தன்று மண்டப வாசலில் இதற்கென ஒரு மேசை போடும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். என் கடையில் வேலை பார்க்கும் இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வயது வரம்பைத் தாண்ட எனக்கும் இன்னும் சில ஆண்டுகள் பாக்கியிருக்கின்றன.